பள்ளி அறிவியலில் சென்சரும் டேட்டா லாகரும்: பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு லேப்ல டேட்டா லாகர் வச்சு கிராஃப் எடுத்தோம்" என்று சொல்லும். அது என்ன கருவி, அதனால் என்ன நன்மை, வீட்டில் ஏதாவது வாங்கித் தர வேண்டுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். துணைப்பாட வகுப்புகளில் அறிவியல் சொல்லித்தரும் தொண்டூழியர்களும் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியர்களும் கேட்பவை வேறு: எண் ஏன் தாவுகிறது, எதை முதலில் வாங்குவது, அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் கருவியை நம்பலாமா. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இந்தக் கருவிகளோடு பழகியவன் என்ற முறையில் இரு தரப்புக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

சென்சரும் டேட்டா லாகரும் ஒன்றா?

இல்லை. சென்சர் என்பது வெப்பம், ஒளி, அழுத்தம், அமிலத்தன்மை போன்ற ஒன்றை மின் குறிப்பாக மாற்றித் தரும் உறுப்பு. அந்தக் குறிப்பைக் குறித்த இடைவெளியில் அளந்து, எண்ணாக்கி, நேரத்தோடு சேர்த்துப் பதிந்து வைப்பது டேட்டா லாகர். முன்பெல்லாம் சென்சரிலிருந்து கம்பி ஒரு பெட்டிக்குப் போகும், பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி கணினிக்குப் போகும். இப்போது வரும் பல கருவிகளில் இரண்டும் ஒரே கைப்பிடிக்குள் அடங்கிவிட்டன. புளூடூத் வழியாக ஐபேடுக்கோ குரோம்புக்குக்கோ நேராக எண்கள் வந்து விழுகின்றன. அதனால்தான் மாணவர்கள் முழுவதையும் சேர்த்து "லாகர்" என்றே சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதில் தவறில்லை.

சாதாரண தெர்மாமீட்டர் இருக்கும்போது இது எதற்கு?

பல சோதனைகளுக்குத் தெர்மாமீட்டரே போதும். ஒரு குவளை வெந்நீர் ஆறுவதை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுத எந்த மின்னணுக் கருவியும் வேண்டாம். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத வேகத்தில் நடப்பவற்றுக்கும், கண்விழித்துக் காத்திருக்க முடியாத அளவு மெதுவாக நடப்பவற்றுக்கும்தான் சென்சர் தேவை.

வேகமானவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, கம்பிச்சுருள் வழியாக விழும் காந்தம். மின்காந்தத் தூண்டலைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் மாணவர், காந்தம் நுழையும்போது ஒரு பக்கமும் வெளியேறும்போது மறுபக்கமும் கால்வனாமீட்டர் என்ற மின்னோட்டமானியின் முள் அசையும் என்று எழுதுவார். முள் அசைவது உண்மைதான், ஆனால் அது ஒரு துள்ளல், அவ்வளவே. மின்னழுத்தச் சென்சரை விநாடிக்கு ஆயிரம் தடவை பதியும்படி வைத்துக் காந்தத்தை விடுங்கள். திரையில் மேல்நோக்கி ஒரு முகடு, கீழ்நோக்கி ஒரு முகடு. இரண்டாவது முகடு உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். ஏன்? வெளியேறும்போது காந்தத்தின் வேகம் கூடியிருக்கிறது. இரண்டு முகடுகளின் பரப்பையும் மென்பொருளில் கணக்கிட்டால் கிட்டத்தட்டச் சமமாக வரும், ஏனென்றால் உள்ளே போன காந்தப் பாயமே வெளியே வருகிறது. காந்தப் பாயம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் எழும் என்ற ஃபாரடேயின் விதி, ஒரு விநாடிக்கும் குறைவான நிகழ்ச்சியில் முழுவதும் தெரிந்துவிடுகிறது. இதை முள்ளை வைத்துக் காட்டவே முடியாது.

மெதுவானவற்றுக்கு உதாரணம், முளைக்கும் பச்சைப் பயறு. பயறை ஊறவைத்து முளைகட்டி மூடிய பாட்டிலில் போட்டு, கரியமில வாயு சென்சரைச் செருகி வைத்தால், வகுப்பு முடிவதற்குள்ளேயே கோடு ஏறத் தொடங்கும். ஊறவைக்காத பயறு வைத்த பாட்டிலில் கோடு படுத்தே கிடக்கும். விதையும் மூச்சு விடுகிறது என்பதை அதற்கப்புறம் யாரும் மறக்க மாட்டார்கள்.

இடைப்பட்டது மெழுகு போன்ற ஸ்டியரிக் அமிலம் உறைவது. உருகிய அமிலம் ஆறும்போது வெப்பநிலை இறங்கி, 69 டிகிரியை ஒட்டி, பள்ளித் தரப் பொருளானால் அதற்குச் சற்றுக் கீழே, சமமாக நின்று, பிறகு மறுபடி இறங்கும். கையால் எழுதினாலும் இந்தச் சமதளம் கிடைக்கும். ஆனால் சென்சர் வைத்தால் உறைவதற்குச் சற்று முன் வெப்பநிலை ஒரு பள்ளத்தில் விழுந்து மீண்டும் ஏறுவதையும் சில நேரம் பார்க்கலாம். அதிகுளிர்ச்சி என்ற அந்த நிகழ்வு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் அட்டவணையில் நழுவிப் போய்விடும்.

கருவியே வரைபடம் போட்டுவிட்டால் பிள்ளை எப்போது கற்கும்?

பெற்றோர் கேட்பதிலேயே இதுதான் முக்கியமான கேள்வி. இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது.

1980-களில் அமெரிக்காவில் ராபர்ட் டிங்கர் போன்றவர்கள் கணினியோடு சென்சரை இணைத்துப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தபோதே இந்த விவாதம் எழுந்தது. 1987-இல் ஹெதர் பிரசெல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றும் படிக்கத் தக்கது. மாணவர்கள் அசைவுச் சென்சர் முன்னால் நடந்தார்கள். ஒரு குழுவுக்கு நடக்கும்போதே வரைபடம் திரையில் எழுந்தது. இன்னொரு குழுவுக்கு அதே வரைபடம் இருபது முப்பது விநாடி கழித்துக் காட்டப்பட்டது. உடனே பார்த்தவர்கள் தூர-நேர வரைபடத்தைப் படிப்பதில் தெளிவாக முன்னேறினார்கள். தாமதமாகப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. அரை நிமிடம்கூட இல்லாத தாமதம் இத்தனை வேறுபாட்டை உண்டாக்கியிருக்கிறது. நான் பின்னால் நகர்ந்தேன், கோடு மேலே ஏறியது. நான் நின்றேன், கோடு படுத்தது. உடல் செய்வதும் கோடு செய்வதும் ஒரே கணத்தில் நடந்தால்தான் மனத்தில் முடிச்சு விழுகிறது.

ஆகவே வரைபடத்தைக் கருவி போடுவதில் குற்றமில்லை. முன்கூட்டி யோசிக்காமல் பதிவைத் தொடங்கும் பச்சைப் பொத்தானை அழுத்துவதில்தான் நட்டம் இருக்கிறது. நான் எல்லா ஆசிரியர்களிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்று: பதிவைத் தொடங்கும் முன் ஒவ்வொரு மாணவரும் கோடு எப்படி வரும் என்று தாளில் பென்சிலால் வரையட்டும். இரண்டே நிமிடம் போதும். வந்த கோடு அவர்கள் வரைந்ததிலிருந்து எங்கே விலகுகிறது என்று கேளுங்கள். பாடம் அந்த விலகலில் தொடங்குகிறது. முன்கணிப்பு இல்லாமல் பார்க்கும் மாணவருக்கு எந்தக் கோடு வந்தாலும் "ஓ, அப்படியா" என்றுதான் இருக்கும்.

கையால் அளப்பதையும் கையால் வரைவதையும் விட்டுவிடக் கூடாது. முதல் சோதனையைக் கையால் செய்து, வரைபடத் தாளில் அச்சுகளுக்கு அளவு தேர்ந்து, புள்ளி வைத்து, கோடு இழுத்த பிறகு அதே சோதனையைச் சென்சரில் செய்தால், கருவி என்ன வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது என்று மாணவருக்குப் புரியும்.

தேர்வில் இது வருமா?

செய்முறைத் தேர்வில் மதிப்பெண் பெரும்பாலும் பழைய திறன்களுக்கே: அலகோடு அட்டவணை அமைப்பது, சரியான இலக்கங்களில் எழுதுவது, கையால் வரைபடம் போட்டுச் சாய்வு காண்பது, பிழை எங்கிருந்து வந்தது என்று சொல்வது, சோதனையைத் திட்டமிடுவது. முன்பு பள்ளியிலேயே பகுதி பகுதியாக நடந்த செய்முறை மதிப்பீடு நின்று, மேல்நிலைக்கு 2017 முதலும் சாதாரண நிலைக்கு 2018 முதலும் செய்முறைத் தேர்வு திரும்ப வந்தது. 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளின் இடத்தில் புதிய பொதுச் சான்றிதழ் தேர்வு வருகிறது. எது மாறினாலும், திட்டமிடும் கேள்வியில் "இவ்வளவு வேகமான மாற்றத்தை அளக்க டேட்டா லாகர் பயன்படுத்துவேன், ஏனெனில்…" என்று காரணத்தோடு எழுதத் தெரிந்த மாணவருக்கு அது கைகொடுக்கும். காரணம் சொல்லாமல் கருவியின் பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை.

நாங்கள் ஏதாவது வாங்கித் தர வேண்டுமா?

வேண்டாம். சென்சர்கள் பள்ளியின் சொத்து. 2021-க்குள் எல்லா உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடமும் சொந்தக் கற்றல் கருவி வந்துவிட்டது, அதை வாங்க, மாணவர் பெயரில் அரசு போடும் எடுசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். பள்ளியின் சென்சர் அந்தக் கருவியோடு இணைந்துகொள்ளும். கடையில் யாராவது "வீட்டு அறிவியல் செட்" என்று பெரிய விலை சொன்னால் யோசித்து வாங்குங்கள். கைப்பேசி பற்றிய பதிலைக் கீழே முதலில் படித்துவிடுங்கள்.

விநாடிக்கு எத்தனை தடவை பதிவு செய்ய வேண்டும்?

நிகழ்ச்சியின் வேகத்தைப் பொறுத்தது. ஆறும் நீருக்கு விநாடிக்கு ஒன்று தாராளம். தள்ளுவண்டி ஓட்டத்துக்கு இருபது முதல் ஐம்பது. ஒலி அலையின் வடிவம் பார்க்கப் பத்தாயிரத்துக்கு மேல்.

கூட வைத்தால் நல்லதுதானே என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பவர்கள் உண்டு. வெந்நீர் ஆறுவதை விநாடிக்கு நூறு தடவை பதிந்தால் கோப்பு வீங்கும், கோடு நடுங்கும், தகவல் கூடாது.

குறைத்து வைப்பதில் இருக்கும் ஆபத்து இன்னும் சுவையானது. சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகை சோக் வைத்த குழல்விளக்கு ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒருமுறை பிரகாசிப்பதால் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். ஒளிச் சென்சரை அதன் கீழே வைத்து விநாடிக்கு ஆயிரம் தடவை பதிந்தால் அழகான அலை தெரியும். அதையே விநாடிக்கு நூறு தடவை பதிந்தால் ஒவ்வொரு முறையும் அலையின் ஒரே இடத்தில் பிடிப்பதால் மினுக்கமே இல்லாததுபோல் நேர்கோடு வரும். விளக்கு மினுங்கவில்லை என்று மாணவர் முடிவு கட்டிவிடுவார். அலையின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் பதிய வேண்டும் என்பது அடிப்படை விதி. வடிவம் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு. ஆய்வுக்கூடத்து விளக்குகள் எல்இடி ஆகியிருந்தால் மினுக்கம் இல்லாமலும் போகலாம். தாழ்வாரத்து விளக்கு, மாடிப்படி விளக்கு என்று மாணவர்களே அலைந்து தேடட்டும்.

திரையில் 27.83 என்று காட்டுகிறது. அவ்வளவு துல்லியமா?

இல்லை. இரண்டு தசமம் காட்டுவது மென்பொருளின் பழக்கம். உள்ளே நடப்பது இது: மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சில்லு 10 பிட் ஆனால் முழு வீச்சையும் 1,024 படிகளாகப் பிரிக்கும், 12 பிட் ஆனால் 4,096 படிகள். 5 வோல்ட் வீச்சில் ஒரு படி 12 பிட்டில் சுமார் 1.2 மில்லிவோல்ட். அதைவிடச் சிறிய மாற்றத்தைக் கருவியால் பார்க்க முடியாது. இது பகுதிறன். படி எவ்வளவு சிறிதானாலும் சென்சரே அரை டிகிரி தள்ளிக் காட்டலாம். அது துல்லியத்தின் குறை, தனிக் கேள்வி.

வகுப்பில் இதைக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. பத்துக் குழுக்களின் வெப்பச் சென்சர்களையும் ஒரே வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, பத்து எண்களையும் பலகையில் எழுதுங்கள். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கடைசி இலக்கத்தை எதுவரை நம்பலாம் என்று மாணவர்களே சொல்வார்கள். பிழை பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட இது நன்றாகப் பதிகிறது.

சென்சர் மாற்றத்தை உணர எடுக்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். எஃகு உறை போட்ட வெப்பச் சென்சர், கலக்கும் நீரில் பத்து விநாடி அளவில் நிலைக்கு வரும். அசையாத காற்றில் பல நிமிடம் பிடிக்கும். குளிர்சாதன அறையிலிருந்து தாழ்வாரத்துக்கு எடுத்துப்போன உடனே படித்தால் அது இன்னும் அறையின் வெப்பநிலையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

அசைவுச் சென்சரில் கோடு திடீர் திடீரென்று தாவுகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. அந்தச் சென்சர் மீயொலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒலி கூம்பாக விரிந்து போகும், வழியில் நாற்காலிக் கால், மேசை விளிம்பு, பக்கத்து மாணவரின் பை எது இருந்தாலும் அதுவும் எதிரொலிக்கும். பாதையைக் காலி செய்யுங்கள். சென்சரைச் சற்று மேல்நோக்கிச் சாயுங்கள். நடக்கும் மாணவர் ஒரு பெரிய அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொள்ளட்டும், தளர்ந்த சட்டைத் துணி ஒலியை விழுங்கிவிடும். 15 சென்டிமீட்டருக்கும் கிட்டே வந்தால் பல கருவிகளால் அளக்க முடியாது.

சிங்கப்பூருக்கே உரிய ஒன்றும் உண்டு. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையோடு மாறும்: 22 டிகிரி குளிர்சாதன ஆய்வுக்கூடத்தில் விநாடிக்குச் சுமார் 344 மீட்டர், 30 டிகிரி விளையாட்டு மண்டபத்தில் சுமார் 349. இரண்டு மீட்டர் தூரத்தில் இது ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் வேறுபாடு. சில மென்பொருள்களில் அறை வெப்பநிலையை உள்ளிடலாம். இடம் மாறும்போது அதை மாற்ற மறக்காதீர்கள்.

பிஎச் சென்சரை ஏன் யாரும் நம்புவதில்லை?

அதைச் சரியாக வைத்துக்கொள்ளாததால்தான். ஆய்வுக்கூடத்தில் அதிகம் கெட்டுப்போகும் கருவி இதுவே. நான் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் மெல்லிய சவ்வு. அது ஈரமாகவே இருக்க வேண்டும், ஆனால் வடிநீரில் அல்ல. வடிநீரில் ஊறினால் உள்ளிருக்கும் உப்பு மெல்ல மெல்ல வெளியே கசிந்து சென்சர் சோர்ந்துவிடும். கூடவே வரும் சிறு புட்டியிலுள்ள சேமிப்புக் கரைசலிலேயே, அதாவது பொட்டாசியம் குளோரைடு கலந்த பிஎச் 4 கரைசலில், நிறுத்தி வையுங்கள். புட்டி காய்ந்துவிட்டதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன் கட்டாயம் பாருங்கள். ஆறு வார விடுமுறை முடிந்து ஜனவரியில் திறக்கும்போது உப்புப் பூத்து உலர்ந்த குமிழைக் கண்டால் மனம் வேதனைப்படும்.

கழுவிய பின் குமிழைத் துடைக்காதீர்கள். மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தால் போதும். ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் பிஎச் 7, பிஎச் 4 தாங்கல் கரைசல்களில், அதாவது பிஎச் அளவு மாறாமல் நிற்கும் கரைசல்களில், வைத்து அளவு திருத்துங்கள். காரக் கரைசல்களை அளக்கப் போகிறீர்கள் என்றால் 7-ம் 10-ம். நல்ல நிலையிலிருக்கும் மின்முனை, அதாவது குமிழ் உள்ள அந்தச் சென்சர் பகுதி, ஒரு பிஎச் அலகுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட் தரும், 25 டிகிரியில். இது ஐம்பதுக்கும் கீழே போய்விட்டால் அல்லது எண் நிலைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால், மின்முனையின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு நன்றாக வைத்தாலும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பொருள்தான் இது. வரவுசெலவில் முதலிலேயே அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

பிஎச் 5-க்கும் 6-க்கும் இடையே ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு வேறுபடுகிறது. அரை அலகு பிழை என்றால் மூன்று மடங்குக்கும் மேல் தவறு. பார்வைக்குச் சிறிய எண் என்று விட்டுவிட முடியாது.

நம் ஊர் ஈரப்பதம் கருவிகளைக் கெடுக்குமா?

கெடுக்கும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். யூஎஸ்பி முனைகள் பச்சை பூக்கும், ஒளிச் சென்சரின் கண்ணில் பூஞ்சை படரும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறியதும் உலர்த்தி மீண்டும் போடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் உலர்பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் மேலே நீர் பனிக்கும். சற்று நேரம் உறையிலேயே வைத்திருந்து பிறகு இயக்குங்கள். நீண்ட விடுமுறைக்கு முன் மின்கலத்தைப் பாதி அளவுக்கு மின்னேற்றி வையுங்கள். முழுக்கத் தீர்ந்த நிலையில் கிடந்தால் அது மீளாமலே போகலாம்.

துணைப்பாட வகுப்பு தொடங்குகிறோம். எதை முதலில் வாங்குவது?

வகைக்கு ஒன்றாகப் பத்துச் சென்சர் வாங்காதீர்கள். ஒரே வகையில் ஐந்தாறு வாங்குங்கள். ஒருவர் செய்ய மற்றவர்கள் எட்டிப் பார்க்கும் வகுப்பில் சென்சர் வெறும் காட்சிப்பொருள்.

முதலில் வெப்பச் சென்சர், தயக்கமே வேண்டாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் உதவும், எளிதில் கெடாது. அடுத்து ஒரு அசைவுச் சென்சர், வகுப்பு முழுவதும் முன்னால் நடந்து பார்க்க ஒன்றே போதும். மூன்றாவதாக மின்னழுத்தச் சென்சர். பிஎச் சென்சரைப் பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கரைந்த ஆக்சிஜன் சென்சர், கதிர்வீச்சு எண்ணி போன்றவற்றை ஆசைப்பட்டு வாங்கி அலமாரியில் பூட்டி வைத்த இடங்கள் நிறைய.

எந்த நிறுவனத்தின் கருவி நல்லது?

இங்கே பரவலாகக் காணப்படுபவை அமெரிக்காவின் வெர்னியர், பாஸ்கோ, சிங்கப்பூரிலேயே உருவான அடெஸ்டேஷன். மூன்றும் பள்ளிப் பாடத்துக்குப் போதுமானவை. வெர்னியர் நிறுவனத்தை 1981-இல் தொடங்கியவர் டேவிட் வெர்னியர் என்ற இயற்பியல் ஆசிரியரும் அவர் மனைவி கிறிஸ்டினும். மாணவர்கள் கையாளும் வெர்னியர் அளவுகோலோ 1631-இல் அதை விவரித்த பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரில் வழங்குவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் உண்டு.

பிராண்டைவிட முக்கியமானவை மூன்று. உங்கள் மாணவர்களிடம் இருக்கும் கருவியில், அது ஐபேடோ குரோம்புக்கோ விண்டோஸோ, மென்பொருள் ஓடுமா? ஆண்டுதோறும் மென்பொருளுக்குக் கட்டணமா, இலவசமா? உடைந்தால் உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்குமா? ஒரு நிறுவனத்தின் சென்சர் இன்னொன்றின் மென்பொருளோடு பொதுவாகப் பேசாது. எதைத் தொடங்குகிறீர்களோ அதிலேயே பல ஆண்டு இருக்கப் போகிறீர்கள். விற்பனையாளரிடம் ஒரு வாரம் கடன் வாங்கி, உண்மையான வகுப்பில், உண்மையான மாணவர்களோடு சோதித்த பிறகே முடிவெடுங்கள்.

புளூடூத் வகுப்பு நடுவில் இணைய மறுக்கிறது.

பத்துக் குழுவும் ஒரே நேரத்தில் இணைக்க முயன்றால் பட்டியலில் பத்துச் சென்சரும் தெரியும், ஒருவர் இன்னொருவருடையதைப் பிடித்துவிடுவார். ஒவ்வொரு சென்சரின் முதுகிலும் அதன் அடையாள எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குழு குழுவாக இணைக்கச் சொல்லுங்கள். கணினியின் பொது புளூடூத் அமைப்பில் இணைக்காமல், சென்சரின் மென்பொருளுக்குள்ளிருந்தே இணைக்க வேண்டும். பாதிப் பிரச்சினை இதனால்தான் வருகிறது. யூஎஸ்பி கம்பி இரண்டு எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

கைப்பேசியே போதுமா?

வியப்பூட்டும் அளவுக்குப் போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி, காந்தமானி, ஒலிவாங்கி, காற்றழுத்தமானி எல்லாவற்றையும் சோதனைக் கருவியாக்கித் தருகிறது. ஒளிச் சென்சர் மட்டும் ஐஃபோனில் செயலிகளுக்குத் திறக்கப்படவில்லை. காற்றழுத்தமானி எல்லா ஆண்ட்ராய்டு பேசிகளிலும் இருக்காது.

வீவக புளோக்கில் வசிப்பவர்கள் இன்றைக்கே செய்யலாம். மின்தூக்கியில் ஏறி ஃபைஃபாக்ஸின் மின்தூக்கிச் சோதனையைத் திறந்து, தரைத்தளத்திலிருந்து பன்னிரண்டாவது மாடிக்குப் போங்கள். காற்றழுத்தம் ஒரு மாடிக்குச் சுமார் 0.3 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஏறத் தொடங்கும்போது முடுக்கக் கோடு மேலே குதிக்கும், நடுவில் சமமாகும், நிற்கப் போகும்போது கீழே இறங்கும். சீரான வேகத்தில் போகும்போது முடுக்கம் சுழியம் என்பதைப் பல மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள், நம்ப மாட்டார்கள். மின்தூக்கிக்குள் கண்ணால் கண்டபின் நம்புகிறார்கள்.

தனிச் சென்சரின் இடத்தைக் கைப்பேசி முழுவதும் நிரப்பாது. அதை வெந்நீரில் முக்க முடியாது, அமிலத்தில் நனைக்க முடியாது. அசைவுக்கும் ஒலிக்கும் காந்தத்துக்கும் அது போதும். பந்து விழுவது, ஊசல் ஆடுவது போன்றவற்றைக் காணொளியாக எடுத்து டிராக்கர் என்ற இலவச மென்பொருளில் ஆராயலாம். இதைச் சிங்கப்பூரில் பரப்பியதில் நம் கல்வி அமைச்சைச் சேர்ந்தவர்கள் நடத்தும் ஓப்பன் சோர்ஸ் பிசிக்ஸ் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களின் உருவகப்படுத்தல்களும் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன.

மைக்ரோபிட் வைத்திருக்கிறோம். அதுவும் டேட்டா லாகர்தானா?

ஆக்கிக்கொள்ளலாம். மைக்ரோபிட் என்பது நிரல் எழுதிப் பழக உதவும் கையளவுக் கணினிப் பலகை. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பலகைக்குள்ளேயே தரவைச் சேமிக்கும் வசதி இருக்கிறது. கணினியில் செருகினால் அட்டவணையாகவே திறக்கும். ஒரு எச்சரிக்கை: அதன் வெப்பமானி காட்டுவது சில்லின் வெப்பநிலை. அறையைவிடச் சில டிகிரி கூடவே இருக்கும். உண்மையான வெப்பநிலை வேண்டுமானால் நீர்புகா வெப்பச் சென்சர் ஒன்றை வெளியிலிருந்து இணையுங்கள். சிம் லிம் டவரில் இத்தகைய உதிரிகளைத் தேடி அலைவதே பிள்ளைக்கு ஒரு பாடம். தானே நிரல் எழுதி அளக்கும் மாணவருக்கு, எண் எங்கிருந்து வருகிறது என்பது மர்மமாக இருக்காது. வாங்கிய கருவி தர முடியாத நன்மை அது.

புகைமூட்டம் வரும் காலத்தில் வீட்டில் காற்றை அளக்கலாமா?

அளக்கலாம், அளக்கவும் வேண்டும். 2013 ஜூன் 21-இல் மூன்று மணி நேரக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்ட நாளை இங்கிருந்த யாரும் மறக்கவில்லை. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழுமான நுண்துகள்களை அளக்கும் சிறு பிஎம் 2.5 சென்சர்கள் லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதைக் கொண்டு மதிப்பிடுகின்றன. விடியற்காலையில் ஈரப்பதம் ஏறும்போது துகள்கள் நீரைக் குடித்து உப்பும், சென்சர் கூடுதலாகக் காட்டும். தேசியச் சுற்றுப்புற வாரியம் ஐந்து வட்டாரங்களுக்கும் மணிக்கொரு முறை பிஎம் 2.5 அளவை வெளியிடுகிறது. உங்கள் எண்ணை அதன் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் வரைந்து பாருங்கள். அதிகாரபூர்வ எண் வேறு, என் எண் வேறு, ஏன் என்று கேட்பதே நல்ல ஆய்வுத் தலைப்பு.

கரியமில வாயு அளப்பதானால் அகச்சிவப்பு முறையில் நேரடியாக அளக்கும் சென்சரையே வாங்குங்கள். மலிவானவற்றில் சில வேறு வாயுக்களைக் கொண்டு ஊகித்துச் சொல்பவை. வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு, இருக்கும். கதவு சன்னலை மூடி ஏர்கான் போட்டு நான்கு பேர் தூங்கும் அறையில் ஆயிரத்தைத் தாண்டும், ஏனென்றால் வீட்டு ஏர்கான் அறைக்காற்றையே சுற்றவிடுகிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. இரவு முழுக்கப் பதிந்த கோட்டைக் காலையில் பிள்ளை உங்களிடம் காட்டட்டும்.

பெரிய அளவில் மாணவர்கள் தரவு சேகரித்தது உண்டா?

உண்டு. 2015-இல் தொடங்கிய தேசிய அறிவியல் பரிசோதனை. சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் உருவாக்கிய சென்ஸ்ஜி என்ற சிறு கருவியை மாணவர்கள் சில நாள் கூடவே எடுத்துச் சென்றார்கள். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், ஒளி, இரைச்சல், அசைவு எல்லாம் பதிவாயின. எந்த நேரத்தில் பேருந்தில் இருந்தோம், எவ்வளவு நேரம் குளிர்சாதன அறையில் கழித்தோம் என்று மாணவர்கள் தங்கள் நாளையே தரவாகப் பார்த்தார்கள். உங்கள் மூத்த பிள்ளை அதில் பங்குபெற்றிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு இது தேவையா?

அவசரம் இல்லை. கையால் தொட்டு, கண்ணால் தெர்மாமீட்டரைப் படித்துப் பழகட்டும். தொடக்கநிலை ஐந்து, ஆறில் வெப்பச் சென்சரைக் காட்டலாம். ஒன்றை ஈரத் துணியால் சுற்றி, ஒன்றை உலர்ந்தபடியே மின்விசிறி முன் வைத்தால் ஆவியாதல் ஏன் குளிர்விக்கிறது என்பது இரண்டு கோடுகளில் தெரியும்.

பாடம் ஆங்கிலத்தில். எனக்கோ தமிழில்தான் அறிவியல் தெரியும். எப்படி உதவுவது?

தமிழிலேயே கேளுங்கள். "இன்னிக்கு எதை அளந்தீங்க? கோடு எப்படி வரும்னு நினைச்சே? எப்படி வந்துச்சு? ஏன்?" இந்தக் கேள்விகளுக்குப் பிள்ளை தமிழும் ஆங்கிலமும் கலந்து பதில் சொன்னாலும் பரவாயில்லை. ஆசிரியர் வகுப்பில் கேட்க நேரம் கிடைக்காத கேள்விகள் இவை. தெரியாததைப் பிள்ளை அப்பாவுக்கோ பாட்டிக்கோ விளக்க முயலும்போது, தனக்கு எங்கே புரியவில்லை என்று தானே கண்டுபிடித்துவிடும். தமிழ்வழியில் படித்த நீங்கள் கரைசல், செறிவு, முடுக்கம் என்று சொல்லும் எதுவும் வீண் போகாது.

எடுத்த தரவை எப்படிச் சேமிப்பது?

கோப்புக்குத் தேதி, குழு எண், சென்சர் எண் மூன்றையும் சேர்த்துப் பெயர் வையுங்கள். "டெஸ்ட் 1", "டெஸ்ட் 1 ஃபைனல்" என்று வைத்தால் அடுத்த வாரம் எது எது என்று தெரியாது. மென்பொருளின் சொந்த வடிவத்தோடு சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகவும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் திறக்கும். முதலில் வந்த தரவை அப்படியே விட்டுவிட்டு, திருத்தங்களை நகலில் செய்யுங்கள். தாவிய புள்ளியை அழிக்க வேண்டாம். குறியிட்டு, என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: "மேசை இடித்தது", "கதவு திறந்தது". அறை வெப்பநிலை, விநாடிக்கு எத்தனை பதிவு, எப்போது அளவு திருத்தியது ஆகிய மூன்றும் அதே தாளில் இருக்கட்டும்.